டீயில ஊறின திராட்சை, தம்முல வெந்த ரொட்டி

(ஒலிப்பதிவின் தொகுத்த எழுத்து வடிவம். அளவுகளைக் கேட்டுக்கிட்டே குறிச்சுக்க முடியலைன்னு போன தடவை நிறைய பேர் சொன்னதால, இந்த முறை எல்லா அளவும் எழுத்துல இருக்கு.)

இன்னிக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு பண்டத்தைப் பத்தித்தான். பேரு பார்ம்பிராக். அயர்லாந்துக்காரங்க வீட்டுல சுடுறது. கேக்குன்னும் சொல்ல முடியாது, ரொட்டின்னும் சொல்ல முடியாது, ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற சாமான். அதுல வீட்டுல சுலபமா பண்ற வகைக்கு டீ பிராக்னு பேரு. உலர்ந்த திராட்சையை பால் ஊத்தாத டீயில ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில அந்த டீயோடயே மைதாவைக் கலந்து சுட்டுடுவாங்க. வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது, ரம்மு பிராந்தி கிடையாது. முட்டை ஒண்ணே ஒண்ணு, அதையும் எடுத்துடலாம். பீட்டர் எல்லாம் வேண்டாம், சட்டியும் கரண்டியும் இருந்தா போதும்.

உலகத்துல இவ்வளவு கேக் இருக்கும்போது இதை எதுக்கு எடுத்தேன்னா, திண்டுக்கல்ல டிசம்பர் மாசம் தெருவுல கேக் கை மாறுறதைப் பாத்திருக்கீங்களா? கிறிஸ்துமஸ் கொண்டாடுற வீட்டுல இருந்து சுத்தி இருக்கிற எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். ரம்ஜானுக்கு பிரியாணி வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும், அதே கணக்குதான். ஆனா பிளம் கேக் தட்டு மட்டும் வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கும். "இதுல சரக்கு ஊத்தியிருக்காங்களாப்பா?" "முட்டை போட்டதா?" கேக்குறதுக்குச் சங்கடப்பட்டுட்டு வாங்கி வெச்சுட்டு, அப்புறம் வேற யாருக்காவது கொடுத்துடுறவங்களும் இருக்காங்க. பேகம்பூர்ல இருக்கிற நண்பன் வீட்டுக்கு ஒரு கேள்வி, எதிர்வீட்டு சைவக்காரங்களுக்கு இன்னொரு கேள்வி. பாக்கெட் போட்ட கேக்குல முட்டை இருந்தா அசைவ அடையாளம் போட்டாகணும்னு சட்டம் இருக்கு. ஆனா கடையில வெட்டி அட்டைப் பெட்டியில வெச்சுக் கொடுக்குற கேக்குல எந்த அடையாளமும் இருக்காது.

இந்த இடத்துல நிறைய பேர் சொல்ற ஒரு சமாதானம் உண்டு. "அடுப்புல வெச்சா ஆல்கஹால் எல்லாம் ஆவியா போயிடும், ஒண்ணும் பிரச்சனையில்லை." இது உண்மை இல்லை. அமெரிக்க வேளாண் துறை சமைச்ச உணவுல எவ்வளவு ஆல்கஹால் மிஞ்சுதுன்னு ஒரு அட்டவணை வெச்சிருக்கு. மாவுல கலந்து 15 நிமிஷம் வேக வெச்சா 40 சதவீதம் மிஞ்சும். ஒரு மணி நேரம் வெச்சாலும் 25 சதவீதம். ரெண்டரை மணி நேரம் ஆனாத்தான் 5 சதவீதத்துக்கு இறங்கும். பிளம் கேக்கை சுட்டதுக்கு அப்புறமும் வாரா வாரம் ரம்மைத் தடவி வைக்கிற பழக்கம் இருக்கே, அது வேகவே இல்லை, அப்படியே முழுசா இருக்கும். குடிக்கிறதும் குடிக்காததும் அவங்கவங்க இஷ்டம். ஆனா வேண்டாம்னு இருக்கிறவங்க கையில "எல்லாம் ஆவியாயிடுச்சு"ன்னு சொல்லிக் கொடுக்குறது நியாயம் இல்லை. எல்லா வாசல்லயும் கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரு பழக் கேக் வேணும். அப்படித் தேடினப்போ கிடைச்சதுதான் பிராக்.

இதுல ஒரு வேடிக்கை. இந்தச் சரக்கில்லாத ரொட்டியோட பேர்லயே சரக்கு இருக்கு. 'பார்ம்'னா பீர் காய்ச்சும்போது மேல பொங்கி நிக்கிற நுரை. அதுல ஈஸ்ட் இருக்கும். பாக்கெட் ஈஸ்ட் வர்றதுக்கு முன்னாடி அந்த நுரையை எடுத்துத்தான் மாவைப் புளிக்க வெச்சாங்க. ஐரிஷ் மொழியில இதைப் 'பாரீன் பிரேக்'னு சொல்றாங்க. 'பிரேக்'னா புள்ளி புள்ளியானது. வெட்டின துண்டுல திராட்சை புள்ளி வெச்ச மாதிரி தெரியுறதால அந்தப் பேர். பக்கத்துல வேல்ஸ்ல இதோட பங்காளி ஒண்ணு இருக்கு, பேரு பாரா பிரித், அதுக்கும் அர்த்தம் புள்ளி ரொட்டிதான்.

நம்ம பக்கமும் கதை இப்படித்தான் தொடங்குது. கள்ளு ஊத்திப் புளிக்க வெச்ச ஆப்ப மாவு நமக்குப் புதுசு இல்லை. இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக்குன்னு சொல்லப்படுறது 1883ல தலச்சேரியில மம்பள்ளி பாபு சுட்டது. மர்டாக் பிரௌன்ங்கிற தோட்ட முதலாளி இங்கிலாந்துல இருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி இதே மாதிரி வேணும்னு கேட்டார்னும், மாஹியில கிடைக்கிற பிரெஞ்சு பிராந்தியைச் சேக்கச் சொன்னார்னும், பாபு அதுக்குப் பதிலா உள்ளூர்ல வடிச்ச சரக்கையும் கதலிப் பழத்தையும் சேத்தார்னும் சொல்றாங்க. பாபு பண்ணது சரியான வேலை. தூரத்துல இருந்து வந்த பண்டத்தை கையில இருக்கிற சாமானை வெச்சுப் பண்ணிப் பாத்தார். நாமளும் அதையேதான் பண்ணப் போறோம், சரக்கு மட்டும் இல்லாம.

அயர்லாந்துல ஈஸ்ட் போட்டுப் பண்ற பழைய பிராக் இன்னிக்கும் பேக்கரியில கிடைக்குது. வீட்டுல பண்றவங்க பெரும்பாலும் டீ பிராக்தான் பண்றாங்க, அதுக்கு பேக்கிங் பவுடர் போதும். காரணம் அந்த ஊரு கோதுமை. ஈரமான குளிர் ஊர்ல விளையுற கோதுமையில புரதம் கம்மி. அதனால மாவு ரப்பர் மாதிரி இழுபடாது, ஈஸ்ட் விடுற காத்தைப் பிடிச்சு வெக்காது. 1830கள்ல சமையல் சோடா வந்ததும் அந்த மாவுக்கு அது அப்படியே பொருந்திப் போச்சு. நம்ம மைதாவும் இந்த வேலைக்கு நல்லாவே ஒத்துப் போகும். டீயோ, கேக்கவே வேண்டாம். ஆளுக்கு அதிகமா டீ குடிக்கிற நாடுகள்ல அயர்லாந்தும் ஒண்ணு. அவங்க காலையில குடிக்கிற கறுப்பு டீக்கு அஸ்ஸாம் தூள்தான் முதுகெலும்பு.

சரி, டீ இதுல என்ன வேலை பண்ணுது? உலர்ந்த திராட்சையில தண்ணி 15 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதை அப்படியே மாவுல போட்டா, வேகும்போதும் ஆறும்போதும் பக்கத்துல இருக்கிற மாவுல இருந்து ஈரத்தை உறிஞ்சிக்கும். கேக் மறுநாளே வறட்டி மாதிரி ஆகும். வெண்ணெய் நிறைய போட்ட கேக்குல இது தெரியாது, கொழுப்பு மறைச்சிடும். பிராக்ல கொழுப்பே இல்லை. அதனால திராட்சைக்கு முன்னாடியே வயிறு நிறைய தண்ணி கொடுத்துடணும். நிறைஞ்ச திராட்சை மாவுகிட்ட இருந்து வாங்காது, அடுத்த ரெண்டு நாள்ல மெதுவா திருப்பிக் கொடுக்கும். பிராக் ரெண்டாம் நாள்தான் நல்லா இருக்கும்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

வெறும் தண்ணியில ஊறப்போட்டா ஆகாதான்னு கேக்கலாம். ஈரம் வரும், ஆனா ருசி தட்டையா போயிடும். டீயில இருக்கிற துவர்ப்பு திராட்சை, சர்க்கரை ரெண்டோட தித்திப்பையும் பிடிச்சு நிறுத்தும். நிறமும் கொடுக்கும். பால் டீ மட்டும் வேண்டாம். பால்ல இருக்கிற புரதம் அந்தத் துவர்ப்பைக் கட்டிப் போட்டுடும், அது போக ராத்திரி முழுக்க வெளியில வெச்சா பால் கெட்டுடும்.

பழம், சர்க்கரை, தண்ணி இந்த மூணுக்கும் நடுவுல நடக்கிற பேரத்தை நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணும்னு இல்லை. பழநி பஞ்சாமிர்தம் அதே பேரம்தான். அதுல ஒரு சொட்டுத் தண்ணி சேக்க மாட்டாங்க. ஈரம் கம்மியா இருக்கிற விருப்பாச்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். பழத்துல இருக்கிற தண்ணியை சர்க்கரை கெட்டியாப் பிடிச்சுக்குது, கிருமிக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது, அதனால பிரிட்ஜ் இல்லாம நிக்குது. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம் அது. பிராக்ல சர்க்கரை அந்த அளவுக்கு இல்லை, அதனால அந்த அளவுக்கு நிக்காது. எத்தனை நாள் நிக்கும்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப சாமானுக்கு வருவோம். சிறுமலை அடிவாரத்துல வெள்ளோடு பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கு. "நம்ம ஊர் திராட்சையையே காயவெச்சுப் போடலாமே"ன்னு தோணும். வேண்டாம். அது விதை இருக்கிற ரகம், கடிச்சா பல்லுல மாட்டும். கடையில கிடைக்கிற உலர் திராட்சை பெரும்பாலும் மகாராஷ்டிராவுல சாங்லி, நாசிக் பக்கத்துல இருந்து வர்ற விதையில்லாத ரகம், அதுதான் சரி. கறுப்பு பாதி, மஞ்சள் பாதி எடுத்துக்கங்க. கொஞ்சம் பேரீச்சை. அயர்லாந்துல ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரையில ஊறவெச்சுச் சேப்பாங்க, நமக்குக் கீழ்பழநி மலையில விளையுற கமலா ஆரஞ்சு சீசன்ல கிடைச்சா அதோட மேல்தோலைத் துருவிப் போடலாம். வெள்ளைப் பகுதி கசக்கும், அதைத் தொடாதீங்க. டூட்டி ஃப்ரூட்டி போடலாமான்னா, அது சர்க்கரையில ஊறின பப்பாளிக்காய். கலர் வேணும்னா போடுங்க, எனக்கு இஷ்டமில்லை.

சர்க்கரைக்கு நாட்டுச் சர்க்கரை. பழநி கோயிலுக்கே அது ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல இருந்துதான் போகுது. வெள்ளைச் சர்க்கரையை விட இது ஈரத்தை நல்லாப் பிடிச்சு வெக்கும், பிராக்குக்கு அதுதான் வேணும். ஆனா மண்ணும் தூசியும் இருக்கும், அதனால சூடான டீயிலயே கரைச்சு வடிகட்டிடுங்க. பளபளன்னு வெளிர் மஞ்சளா இருக்கிறதை விட்டுட்டு, கொஞ்சம் கறுத்ததா பாத்து வாங்குங்க.

அளவு இதுதான். எல்லாத்தையும் தராசுல நிறுத்துப் போடுங்க, டம்ளர் கணக்கு வேண்டாம்.

ஊறப்போட: உலர் திராட்சை 300 கிராம், பொடியா நறுக்கின பேரீச்சை 50 கிராம், தண்ணி 300 மில்லி, டீத்தூள் 3 டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை 150 கிராம். மறுநாளைக்கு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், முட்டை 1, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாம் சேத்துப் பொடிச்சது ஒரு டீஸ்பூன்.

தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சிட்டு டீத்தூளைப் போட்டு 4 நிமிஷம் மூடி வைங்க. டீக்கடையில மாதிரி கொதிக்க விட்டுக்கிட்டே இருக்காதீங்க, துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். போர் தண்ணியில டீ போட்டா மேல ஆடை மாதிரி ஒரு படலம் நிக்கும் பாருங்க, அது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பும் டீயும் சேந்து வர்றது. குடிக்கிற தண்ணியில போட்டா அது வராது. வடிகட்டி, சர்க்கரையைக் கரைச்சு, இன்னொரு தடவை வடிகட்டி, சூடாவே திராட்சை மேல ஊத்துங்க.

இங்கதான் ஐரிஷ் குறிப்பை அப்படியே பின்பத்தக் கூடாத இடம் வருது. அவங்க "மூடி சமையல் மேடையில ராத்திரி முழுக்க வைங்க"ன்னு எழுதியிருப்பாங்க. அவங்க சமையலறை 16, 17 டிகிரி. நம்ம ஊர்ல மே மாசம் ராத்திரி 11 மணிக்கும் சமையலறை 30 டிகிரிக்கு மேல இருக்கும். திராட்சைத் தோல் மேல இயற்கையாவே ஈஸ்ட் ஒட்டிக்கிட்டு இருக்கும், சர்க்கரைத் தண்ணி கிடைச்சா அது சும்மா இருக்காது. சூடான டீ ஊத்துறதுல பாதி அடங்கும், ஆனா எல்லாமே அடங்கிடும்னு நம்பி விட முடியாது. காலையில திறந்தா மேல குமிழ் கட்டி, புளிச்ச வாடை வந்துச்சுன்னா அது நொதிக்க ஆரம்பிச்சிருக்கு, அதாவது உள்ள ஆல்கஹால் உருவாக ஆரம்பிச்சிருக்கு. எதைத் தவிர்க்கணும்னு டீயைத் தேர்ந்தெடுத்தோமோ, அது பின்வாசல் வழியா உள்ள வந்துடும். அதனால ஊத்தி, ஆறினதும், மூடி பிரிட்ஜுல வெச்சிடுங்க. 10 மணி நேரம் போதும். மார்கழிக் குளிர்லயும் வெளியில வெக்க வேண்டாம்.

காலையில எடுத்துப் பாத்தா திராட்சை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். மிச்ச டீயைக் கொட்டிடாதீங்க, அதுதான் மாவைக் கலக்குற தண்ணி. முட்டையை அடிச்சு அதுல ஊத்துங்க. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலாவைச் சேத்து சலிச்சு அதுல போட்டு, மாவு வெள்ளையா தெரியாத வரைக்கும் மட்டும் கிளறுங்க. நல்லா அடிச்சா நல்லா வரும்னு ஒரு எண்ணம் நமக்கு உண்டு, இட்லி மாவு ஆட்டின பழக்கம். இங்க அது எதிரி. வெண்ணெய் இல்லாத மாவை அடிக்க அடிக்க அது இழுபட ஆரம்பிச்சிடும், கேக் ரப்பர் மாதிரி ஆகும். மாவு இட்லி மாவை விடக் கெட்டியா, கரண்டியில இருந்து தொப்புன்னு விழுற பதத்துல இருக்கணும். பேக்கிங் பவுடர் பழசான்னு சந்தேகம் இருந்தா ஒரு சிட்டிகையைக் கொதிக்கிற தண்ணியில போடுங்க, நுரைச்சுக்கிட்டு வரலைன்னா புதுசு வாங்குங்க.

இப்ப அடுப்பு. ஓ.டி.ஜி. இருந்தா 160 டிகிரி, 70ல இருந்து 80 நிமிஷம். பல குறிப்புல 170, 180ன்னு இருக்கும். நாட்டுச் சர்க்கரை சீக்கிரம் கருகுறதால நான் குறைச்சு வெக்கிறேன். 40 நிமிஷத்துல மேல நிறம் ஏறியிருந்தா அலுமினியத் தாளால மூடுங்க. ஓ.டி.ஜி. திருகுல இருக்கிற எண்ணை நம்பாதீங்க. வீட்டுல சோதிக்க ஒரு வழி இருக்கு. வெள்ளைச் சர்க்கரை 186 டிகிரியில உருகும். 175ல வெச்சு, சூடானதும் ஒரு ஸ்பூன் சர்க்கரையைத் தட்டுல 15 நிமிஷம் வைங்க. உருகிடுச்சுன்னா உங்க அடுப்பு சொல்றதை விட அதிகமா சுடுது. 190ல வெச்சும் உருகலைன்னா கம்மியா சுடுது. கரண்ட் பில்லைப் பத்திக் கவலைப்படுறவங்களுக்கு: 1500 வாட்ஸ் அடுப்பு விட்டு விட்டுத்தான் எரியும், மொத்தத்துக்கு 2 யூனிட்டுக்கு உள்ளதான் வரும்.

ஓ.டி.ஜி. இல்லாதவங்க இந்த இடத்துல எபிசோடை நிறுத்திடாதீங்க, எனக்குப் பிடிச்ச பகுதியே இதுதான். பழைய காலத்து ஐரிஷ் கிராமத்து வீட்டுல அவன் கிடையாது. அவங்ககிட்ட இருந்தது பாஸ்டிபிள்னு ஒரு இரும்புச் சட்டி, அடியில மூணு கால், மேல தட்டையான மூடி. மாவை உள்ள வெச்சு, கீழ தணல், மூடி மேலயும் தணலை அள்ளிப் போட்டு சுடுவாங்க. விறகுக்குப் பதிலா காய்ஞ்ச சதுப்பு நிலத்து மண்ணை வெட்டி எரிச்சாங்க. திண்டுக்கல்காரங்களுக்கு இதை விளக்கணுமா? தேக்சா மூடி மேல தணலை அள்ளிப் போட்டு பிரியாணிக்குத் தம் போடுறோமே, அச்சு அசல் அதுதான். அயர்லாந்து பாட்டியும் நம்ம ஊர் பிரியாணி மாஸ்டரும் ஒரே தொழில்நுட்பத்தை வெச்சிருந்திருக்காங்க. கீழ மட்டும் சூடு கொடுத்தா அடி தீயும், மேல வெளிறிப் போகும், அதனால மேலயும் சூடு.

வீட்டு கேஸ் அடுப்புல இப்படிப் பண்ணுங்க. அடி கனமான, பெரிய அலுமினியப் பாத்திரம், நல்லா மூடுற மூடி. அடியில ஒரு அங்குலத்துக்குக் கல் உப்பு, அது மேல ஒரு ஸ்டாண்டு. மூடி மிதமான தீயில 10 நிமிஷம். 7 அங்குல வட்ட டின்னுல எண்ணெய்த் தாள் போட்டு மாவை ஊத்தி உள்ள இறக்கி மூடுங்க. தீயைச் சிம்முக்குக் கொண்டு வாங்க. மேல் சூட்டுக்கு, இரும்பு தோசைக்கல்லை இன்னொரு அடுப்புல நல்லா காயவெச்சு மூடி மேல வைங்க. அது ஆற ஆற மாத்துங்க. 80, 90 நிமிஷம் ஆகும். முதல் 50 நிமிஷம் மூடியைத் திறக்கவே கூடாது. மொட்டை மாடியில கொட்டாங்குச்சிக் கரி வெச்சுப் பண்ணலாம், அருமையா வரும். ஆனா கரியை மட்டும் வீட்டுக்குள்ள, கதவு சாத்தின அறையில எரிக்கவே எரிக்காதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்னுடும்.

பிரஷர் குக்கர்ல பண்றதைப் பத்தி நிறைய வீடியோ இருக்கு. தண்ணி இல்லாம குக்கரைச் சூடாக்காதீங்கன்னுதான் அதோட வர்ற கையேட்டுல போட்டிருக்கும். அப்படியும் பண்ணியே ஆகணும்னா கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழட்டி வெச்சுட்டுப் பண்ணுங்க. கேஸ்கெட்டோட மூடினா ரப்பர் வெந்து நாறும், ஆவி போக வழியும் இருக்காது. இதுக்காகவே ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கி வெக்கிறது எவ்வளவோ மேல்.

வெந்துடுச்சான்னு பாக்க குச்சி குத்திப் பாக்குறது இதுல பாதிதான் உதவும், ஊறின திராட்சையில குத்துப்பட்டா குச்சி எப்பவும் பிசுபிசுன்னுதான் வரும். ரெண்டு மூணு இடத்துல குத்துங்க, மாவு ஒட்டுதா பழம் ஒட்டுதான்னு பிரிச்சுப் பாருங்க. உணவுக்கான தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 97 டிகிரி. அப்புறம் 15 நிமிஷம் டின்லயே விட்டு, வெளியில எடுத்து, கம்பித் தட்டுல முழுசா ஆற விடுங்க. சூட்டோட மூடி வெச்சா உள்ள வேர்த்து, பூஞ்சை சீக்கிரம் வரும். ஆறினதும் பட்டர் பேப்பர்ல சுத்தி, டப்பாவுல போட்டு ஒரு ராத்திரி வைங்க. நம்ம ஊர் வெயில்ல வெளியில 3 நாள், பிரிட்ஜுல 10 நாள். அதுக்கு மேல வேணும்னா துண்டு போட்டு பிரீசர்ல.

சாப்பிடும்போதுதான் வெண்ணெய் வருது. மெல்லிசா வெட்டி, மேல உப்பு வெண்ணெய் தடவி, பக்கத்துல சூடா டீ. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைச்சா ஒரு சிட்டிகை உப்பு கலந்து தடவிப் பாருங்க.

முன்னாடியே அனுப்பின சில கேள்விகள். முட்டைக்குப் பதிலா என்ன? நல்லாப் பழுத்த சிறுமலை வாழைப்பழம் மசிச்சது 60 கிராம். ஈரம் கம்மியான பழம்ங்கிறதால மாவு தளராது. இல்லைன்னா கெட்டித் தயிர் 60 கிராம், அதோட கால் டீஸ்பூன் சமையல் சோடா. ரெண்டுல ஏதாவது ஒண்ணு. முதல் தடவை பண்றவங்க முட்டையையும் மாத்தி, மாவையும் மாத்தி, அடுப்பையும் மாத்திப் பண்ணாதீங்க, எதனால கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. கோதுமை மாவு? பாதிக்குப் பாதி போடலாம், கூட 30 மில்லி டீ ஊத்துங்க, முழுக்கக் கோதுமை போட்டா கனத்துப் போகும். வெனிலா எசென்ஸ்? தேவையே இல்லை. சில எசென்ஸ்ல ஆல்கஹால்தான் அடிப்படை, போட்டுத்தான் ஆகணும்னா லேபிளைப் படிச்சுட்டுப் போடுங்க.

சின்னாளப்பட்டியில இருந்து ஒரு அக்கா, இதைப் பண்ணி வித்தா என்னன்னு கேட்டிருக்காங்க. தாராளமா விக்கலாம்க்கா. சின்ன அளவு வியாபாரம்னா உணவுப் பாதுகாப்புத் துறையோட அடிப்படைப் பதிவு போதும். வெண்ணெய் இல்லாததால அடக்க விலையும் இறங்கும். முட்டை போட்டது, போடாதது ரெண்டையும் தனித்தனி டின்னுல சுட்டு, பாக்கெட்டுல கண்ணுக்குத் தெரியுற மாதிரி எழுதி ஒட்டுங்க. எழுதி ஒட்டினா வாங்குறவங்க சங்கடப்பட்டுக் கேக்க வேண்டியதில்லை.

கடைசியா ஒரு விளையாட்டு. அயர்லாந்துல இதை முக்கியமா சுடுறது அக்டோபர் 31, ஹாலோவீன் அன்னிக்கு. நம்ம தீபாவளி வர்ற சமயம். உள்ள சில சாமானை ஒளிச்சு வெச்சுச் சுடுவாங்க. உங்க துண்டுல மோதிரம் வந்தா அந்த வருஷம் கல்யாணம். காசு வந்தா பணம். பட்டாணி வந்தா இந்த வருஷமும் கல்யாணம் இல்லை. குச்சி வந்தா கட்டிக்கிட்டவங்களோட சண்டை. கந்தல் துணி வந்தா வறுமை. இப்பக் கடையில விக்கிற ஹாலோவீன் பிராக்ல மோதிரம் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கு. ஜேம்ஸ் ஜாய்ஸோட 'டப்ளினர்ஸ்' புத்தகத்துல, 1914ல வந்தது, ஹாலோவீன் ராத்திரி நடக்கிற ஒரு கதை தொடங்குறதே வெட்டி வெச்ச பார்ம்பிராக்ல இருந்துதான். கல்யாண வயசு தாண்டின ஒரு அம்மாவைப் பத்தின கதை, மோதிரம் யாருக்கு வரும்ங்கிற கேலி அவங்களைச் சுத்தியே நடக்கும். வீட்டுல "எப்பப்பா கல்யாணம்?"னு கேக்குற ஊர்ல வளர்ந்த நமக்கு அந்தக் கேலி நல்லாவே புரியும். ஜாதகக் கட்டு போதாதுன்னு கேக்குமான்னு நீங்க கேக்கலாம்.

நீங்க பண்றதா இருந்தா எதையும் மாவுக்குள்ள போட்டுச் சுடாதீங்க. சின்னப் பிள்ளைங்க முழுங்கிடும், தாத்தாவுக்குப் பல்லு போயிடும். திண்டுக்கல்னு காட்டுறதுக்கு மோதிரத்துக்குப் பதிலா சின்னப் பூட்டு வெக்கலாமேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அதுல எண்ணெயும் துருவும் இருக்கும், வேண்டாம் தலைவா. ஒரு ரூபாய்க் காசை நல்லாக் கழுவி, பட்டர் பேப்பர்ல பெருசா மடிச்சு, சுட்டு ஆறினதுக்கு அப்புறம் அடியில கத்தியால கீறிச் சொருகுங்க. பேப்பர் நுனி கொஞ்சம் வெளியில தெரியட்டும். சாப்பிடுறதுக்கு முன்னாடியே உள்ள காசு இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. எந்தத் துண்டுல இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க.